மாணவருக்குப் படிக்கும் முறையைக் கற்றுத்தர ஆசிரியருக்கு யார் துணை? கடலூர், புதுச்சேரிக் கல்லூரிகளுக்கு முன்னுள்ள வழிகள்

முதலாமாண்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலர் பள்ளியில் நன்றாகப் படித்தவர்கள்தான். பண்ருட்டியிலிருந்தும் குறிஞ்சிப்பாடியிலிருந்தும் பாகூரிலிருந்தும் காலையில் பஸ் பிடித்து வருகிறார்கள். வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவர்களாகவே இருப்பதும் உண்டு. முதல் செமஸ்டர் முடிவு வரும்போது அவர்களில் ஒரு பகுதியினர் இரண்டு மூன்று அரியரோடு நிற்கிறார்கள். பாடம் கடினம் என்பது காரணத்தில் பாதிதான். ஒரு மணி நேர விரிவுரையில் எதைக் குறித்துக்கொள்ள வேண்டும், தடித்த நூலில் எந்த இருபது பக்கத்தைப் படித்தால் போதும், ‘விவாதிக்க’ என்று வினாத்தாள் கேட்டால் என்ன எழுத வேண்டும், பிறர் எழுதியதை எப்படி எடுத்தாள வேண்டும் என்பதையெல்லாம் அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. பள்ளியில் ஒரு பாடநூலும் ஒரு வினாவிடைக் கைடும் இருந்தால் காரியம் முடிந்துவிட்டது.

இந்தத் திறன்களை வளர்ப்பது கல்லூரியின் பொறுப்புதான் என்பதை இப்போது யாரும் மறுப்பதில்லை. மெதுவாகக் கற்பவர்களுக்கு என்ன செய்கிறீர்கள் என்று, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு கேட்பதுண்டு. முதலாமாண்டு மாணவரை வரவேற்றுப் பழக்குவதற்காக ‘தீக்ஷாரம்ப்’ என்ற வழிகாட்டியைப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2019-இல் வெளியிட்டது. அரசுப் பள்ளியிலிருந்து உயர்கல்விக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கியது. ஆண் பிள்ளைகளுக்கு அதே போன்ற தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இல் வந்தது. பிள்ளைகள் வாசல்வரை வந்துவிட்டார்கள். உள்ளே அவர்களுக்குக் கைகொடுக்க வேண்டிய ஆசிரியருக்கு யார் கைகொடுப்பது என்பதில்தான் கல்லூரிகள் தடுமாறுகின்றன. பள்ளி ஆசிரியருக்கு பி.எட். இருக்கிறது. கல்லூரி ஆசிரியர் நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வில் தேறியோ முனைவர் பட்டம் பெற்றோ நேராக வகுப்புக்குள் வருகிறார். தான் எப்படிப் படித்துத் தேறினோம் என்பதைப் பிறருக்குப் பிரித்துச் சொல்ல அவருக்கும் யாரும் பயிற்சி தரவில்லை.

நான் கடலூர்ப் பக்கத்தில் வரலாறு கற்பிப்பவன். இந்த முடிவை எடுக்க வேண்டிய முதல்வர்களும் துறைத் தலைவர்களும் தர உறுதிப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர்களும் பொதுவாக நான்கு வழிகளை யோசிக்கிறார்கள். ஆசிரியரை வெளியே பயிற்சிக்கு அனுப்பலாம். மாணவர் திறன்களுக்கென்று தனிப் பிரிவு ஒன்றைத் திறக்கலாம். பாடத்துக்குள்ளேயே திறனைப் புகுத்த ஆசிரியர்களுக்குத் துறையளவில் உதவலாம். மூத்த மாணவர்களை இளையவர்களுக்குத் துணையாக்கி, அதை நடத்த ஆசிரியரைப் பழக்கலாம். கையேடு அச்சடித்துக் கொடுப்பது என்று ஐந்தாவதாக ஒன்றும் உண்டு. தனியாக விட்டால் அது அலமாரியில்தான் கிடக்கும். அதைப் பற்றி மேலும் சொல்ல எதுவும் இல்லை.

வெளியே அனுப்புவது

இது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. 1986-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து கல்லூரி ஆசிரியர்களுக்கான பயிற்சி மையங்கள் நாடெங்கும் உருவாயின. பெயர் பலமுறை மாறி, 2023 முதல் மத்திய அரசின் மாளவியா இயக்கத்தின் ஆசிரியர் பயிற்சி மையங்களாக அவை இயங்குகின்றன. நமக்குப் பக்கத்தில் காலாப்பட்டில், புதுவைப் பல்கலைக்கழக வளாகத்திலேயே அப்படி ஒரு மையம் இருக்கிறது. கடலூரிலிருந்து போவோருக்கும் அது எட்டாத தூரம் இல்லை. வீட்டிலிருந்தே படிக்க வேண்டுமானால் 2017-இல் தொடங்கிய ஸ்வயம் என்ற அரசு இணையவழிக் கல்வித் தளம் இருக்கிறது. பதவி உயர்வுக்குச் சான்றிதழ் பயன்படும். வேறு ஊர், வேறு துறை ஆசிரியர்களோடு பேசப் பழக வாய்ப்புக் கிடைக்கும். செலவு குறைவு. இவ்வளவும் உண்மையான நன்மைகள்.

ஆனால் மாணவரின் படிப்புத் திறன் என்ற ஒரே அளவுகோலை வைத்துப் பார்த்தால் இந்த வழி தனியாக நிற்பதில்லை. கிரஹாம் கிப்ஸும் மார்ட்டின் காஃபியும் எட்டு நாடுகளைச் சேர்ந்த 22 பல்கலைக்கழகங்களில் ஆசிரியர் பயிற்சியின் விளைவை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டார்கள். பயிற்சி பெற்ற ஆசிரியர்களின் கற்பித்தலும் அவர்களுடைய மாணவர்கள் கற்கும் முறையும் முன்னேறியிருந்தன. பயிற்சியே பெறாதவர்களிடம் அப்படி ஒரு முன்னேற்றம் தெரியவில்லை. பயிற்சி வீண் என்பவர்களுக்கு இது நல்ல பதில். அதே சமயம், அந்த ஆய்வு எடுத்துக்கொண்டவை மாதக்கணக்கில் நீண்ட பயிற்சிகள் என்பதையும் கவனிக்க வேண்டும். இரண்டு வாரம் உட்கார்ந்து எழுபது எண்பது ஸ்லைடு பார்த்துவிட்டு வருவதிலிருந்து அதே பலனை எதிர்பார்க்க முடியாது.

இன்னொரு சிக்கல், போய் வந்தவர் துறையில் தனி ஆளாகத் திரும்புகிறார் என்பது. புதிதாக ஒரு அசைன்மென்ட் முறையைக் கொண்டுவர நினைத்தால், பக்கத்து வகுப்பில் பழைய முறையே நடக்கிறது. மாணவர்களே வந்து, “ஐயா, ‘பி’ பிரிவுக்கு இவ்வளவு வேலை இல்லையே” என்கிறார்கள். இரண்டு மாதத்தில் அவரும் பழைய தடத்துக்கே வந்துவிடுகிறார். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் வகுப்புகளின் பெரும்பங்கைச் சுமக்கும், நிரந்தரப் பணியில் இல்லாத கௌரவ விரிவுரையாளர்களை இந்த வழி கிட்டத்தட்டத் தொடுவதே இல்லை. பதவி உயர்வு என்ற தூண்டுதல் அவர்களுக்குக் கிடையாது. முதலாமாண்டு வகுப்புகளோ அவர்கள் கையில்தான் அதிகம். மாணவர் தடுமாறும் இடத்தில் நிற்கும் ஆசிரியரை விட்டுவிட்டு மற்றவருக்குப் பயிற்சி தரும் ஏற்பாட்டை முதன்மை வழியாக வைத்துக்கொள்ள என் மனம் ஒப்பவில்லை.

தனிப் பிரிவு

ஆங்கிலத் துறையிடம் பொறுப்பை ஒப்படைத்து, ஒரு அறையும் பலகையும் கொடுத்து, ‘கற்றல் திறன் மையம்’ என்று தொடங்குவது இரண்டாவது வழி. பள்ளிப் படிப்புக்கும் கல்லூரிப் படிப்புக்கும் பாலமான பிரிட்ஜ் கோர்ஸ், குறிப்பெடுக்கும் பயிற்சி, நேர நிர்வாகம், தேர்வு பயம் போக்குதல் என்று நிகழ்ச்சிகள் நடக்கும். கணக்குக் காட்ட இது மிக வசதியானது. தேதி, வருகைப் பதிவு, புகைப்படம் எல்லாம் கோப்பில் சேரும்.

ஜான் ஹாட்டி, ஜான் பிக்ஸ், நோலா பர்டி ஆகிய மூவரும் படிப்புத் திறன் பயிற்சிகளைப் பற்றிய 51 ஆய்வுகளைத் தொகுத்து 1996-இல் சொன்னது இங்கே நேரடியாகப் பொருந்துகிறது. வெறும் மனப்பாட உத்திக்கு அப்பால் போகும் எந்தத் திறனும் அந்தந்தப் பாடத்தின் சூழலிலேயே, அந்தப் பாடத்தின் வேலைகளைக் கொண்டே கற்பிக்கப்பட வேண்டும் என்பது அவர்களுடைய முடிவு. பத்து ஆண்டு கழித்து உர்சுலா விங்கேட் இன்னும் கடுமையாகவே வாதிட்டார்: படிப்புத் திறனைப் பாடத்திலிருந்து பிரித்துத் தனியாக ஒட்டவைக்கும் முறையையே கைவிட வேண்டும் என்றார். காரணம் எளிது. இயற்பியல் மாணவர் சூத்திரம் ஒன்றின் வருவிப்பைக் குறிப்பெடுப்பதும் தமிழிலக்கிய மாணவர் ஒரு சங்கப் பாடலின் திணை விளக்கத்தைக் குறிப்பெடுப்பதும் ஒரே வேலை இல்லை. பொதுவாக ‘குறிப்பெடுப்பது எப்படி’ என்று ஒருவர் பேசினால் இருவரும் தலையாட்டுவார்கள். மறுநாள் வகுப்பில் இருவருக்கும் அது உதவாது.

யார் வருகிறார்கள் என்பதும் முக்கியம். விருப்பப்பட்டவர் வரலாம் என்றால் ஏற்கெனவே நன்றாகப் படிப்பவர்கள் வருவார்கள். மதிப்பெண் குறைந்தவர்களைப் பட்டியல் போட்டு அழைத்தால், ‘ஸ்லோ லேர்னர்’ என்ற முத்திரைக்குப் பயந்து பிள்ளைகள் ஒளிந்துகொள்கிறார்கள். பதினெட்டு வயதில் அந்தப் பட்டியலைத் தகவல் பலகையில் ஒட்டுவது எவ்வளவு பெரிய அவமானம் என்பதை நாம் உணர்ந்தாக வேண்டும். வகுப்பு மாலை நான்கு மணிக்கு என்றால் நெல்லிக்குப்பம் தாண்டிப் போக வேண்டிய மாணவி எழுந்து போய்விடுவாள். அவளுக்கு அக்கறை இல்லை என்று பதிவேட்டில் எழுதுவது பெரிய அநியாயம்.

இந்த வழிக்கு உரிய இடமும் உண்டு. காலாப்பட்டில் 1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தின்மூலம் அமைந்த மத்தியப் பல்கலைக்கழகத்தில் பல மாநிலத்து மாணவர்கள் சேர்ந்து படிக்கிறார்கள். மாகே, ஏனாம் பகுதிகளிலிருந்து வருவோருக்கு மலையாளமும் தெலுங்கும் தாய்மொழி. அங்கே ஆய்வு மாணவர் ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதுகிறார். பிறர் எழுத்தைத் திருடுவதைத் தடுக்கும் யு.ஜி.சி.யின் 2018 விதிகளின்படி பிறர் எழுத்தோடு உள்ள ஒப்புமை பத்து சதவீதத்தைத் தாண்டினால் ஆய்வேட்டைத் திருத்தி மறுபடி சமர்ப்பிக்க வேண்டிய நிலை வரும். அந்த நிலையில் இருப்பவருக்கு ஒரு அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு போய், தேர்ந்த ஒருவரோடு அரை மணி உட்கார்ந்து பேசும் எழுத்து மையம் பெரிய வரம். ஆய்வு நடக்கும் நிறுவனத்துக்கு இதில் செலவழிப்பது நியாயமான முடிவு. இளங்கலைக் கல்லூரிக்கு இதை அப்படியே கொண்டுவருவதைத்தான் நான் ஏற்கவில்லை.

பாடத்துக்குள்ளேயே

மூன்றாவது வழியில் புது அறை இல்லை, பெயர்ப்பலகை இல்லை. துறை ஆசிரியர்கள் நான்கைந்து பேர், நூலகர், கூடுமானால் ஆங்கிலத் துறையிலோ தமிழ்த் துறையிலோ எழுத்துப் பயிற்சியில் ஈடுபாடுள்ள ஒருவர் என்று ஒரு சிறு குழு. அவர்கள் முன் கடந்த செமஸ்டரின் உண்மையான இன்டர்னல் (கல்லூரியே நடத்தும் உள்தேர்வு) விடைத்தாள்கள், பெயர் மறைத்தபடி. எங்கே பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள், அந்த இடத்தில் நாம் எதைச் சொல்லித் தராமல் விட்டோம் என்று பார்ப்பதுதான் கூட்டத்தின் வேலை.

அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் டேவிட் பேஸும் ஜோன் மிடென்டார்ஃபும் இதற்கு ஒரு நல்ல முறையை உருவாக்கினார்கள். மாணவர்கள் திரும்பத் திரும்பத் தவறும் ஓர் இடத்தை ஆசிரியர் சொல்வார். வேறு துறைக்காரர் ஒருவர் எதிரில் உட்கார்ந்து, “நீங்கள் அதை எப்படிச் செய்வீர்கள்? முதலில் எதைப் பார்ப்பீர்கள்? ஏன்?” என்று விடாமல் கேட்பார். ஆண்டுக்கணக்கில் பழகியதால் ஆசிரியருக்குத் தெரியாமலே நடந்துவிடும் சிறு சிறு படிகள் அப்போது வெளியே வரும். மிதிவண்டி ஓட்டத் தெரிந்தவருக்கு எப்படிச் சமநிலை பிடிக்கிறோம் என்று சொல்ல வராது. கேட்கிறவர் கேட்டால்தான் வாயில் வரும். வேதியியல் பேராசிரியரிடம் வரலாற்று ஆசிரியர் கேட்பதால் இதற்குத் தனி நிபுணர் தேவையில்லை. கடலூரில் ஒரே வளாகத்தில் பத்துத் துறைகள் இருக்கின்றன.

என் பாடத்திலிருந்தே எடுத்துக்காட்டு தருகிறேன். “புனித டேவிட் கோட்டை பற்றிப் பத்துப் பக்கத்தில் கட்டுரை வரைக” என்பது நம் பகுதியில் வழக்கமான அசைன்மென்ட். அறுபது மாணவர்கள் ஒரே இணையப் பக்கத்தை அறுபது கையெழுத்தில் எழுதித் தருவார்கள். ஆசிரியர் அறுநூறு பக்கம் புரட்டி, ஐந்துக்கு நான்கு போடுவார். யாரும் எதையும் கற்கவில்லை. இப்போது அதே தலைப்பை வேறு விதமாகக் கொடுத்துப் பார்க்கலாம். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்ததும் தேவனாம்பட்டினத்தில் இருக்கும் இந்தக் கோட்டை ஆங்கிலேயருக்குத் தலைமையிடமானது. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைக் கைப்பற்றினார். 1761-இல் புதுச்சேரியே வீழ்ந்தது. இந்த ஆண்டுகளையெல்லாம் உள்ளிருந்து பார்த்து 1736 முதல் தமிழில் நாட்குறிப்பு எழுதிவைத்தவர் பிரெஞ்சு ஆளுநர் துப்ளேயின் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை. ஒரே நிகழ்ச்சியைப் பற்றிய அவருடைய குறிப்பு மூன்று பக்கமும் பாடநூலில் ஒரு பக்கமும் மாணவர் கையில் கொடுக்கப்படுகின்றன.

முதல் வாரம் அரைப்பக்கம் எழுத வேண்டும்: எழுதியவர் யார், எப்போது எழுதினார், எதைக் கண்ணால் கண்டார், எதைக் காதால் கேட்டார், இதில் அவருக்கு என்ன லாப நஷ்டம். இரண்டாம் வாரம் ஒரு கருத்து, அதற்கு இரண்டு சான்று. பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வரைவை மாற்றிக்கொண்டு, ஆசிரியர் தந்த நான்கு கேள்விகளைக் கொண்டு வாசிக்க வேண்டும். கடைசியில் இரண்டே பக்கம். அசைன்மென்டுக்கு உரிய ஐந்து மதிப்பெண்ணில் இரண்டு முதல் குறிப்புக்கு, ஒன்று வரைவுக்கு, இரண்டு முடிந்த கட்டுரைக்கு. சான்றை எடைபோடுவது, வாதம் அமைப்பது, மேற்கோள் காட்டுவது, திருத்தி எழுதுவது என்று தனிப் பிரிவு நான்கு நிகழ்ச்சிகளில் சொல்ல நினைத்ததெல்லாம் இந்த ஒரு வேலைக்குள் வந்துவிடுகிறது. வகுப்பில் இருக்கும் எல்லோரும் செய்கிறார்கள். யார் மீதும் முத்திரை விழவில்லை. திருத்த வேண்டிய பக்கமும் ஆசிரியருக்குக் குறைந்துவிட்டது.

அறிவியல் துறைகளில் இதற்குச் சமமான இடம் ரெகார்டு நோட்டு. சீனியரின் ரெகார்டைப் பார்த்து எழுதுவது காலங்காலமாக நடக்கிறது. ஒவ்வொரு சோதனைக்கும் கீழே ‘என் மூன்று அளவீடுகளில் எது விலகியது, ஏன் என்று நினைக்கிறேன்’ என்று ஐந்து வரி கேட்டாலே நகலெடுக்க வழியில்லாமல் போகும். அந்த ஐந்து வரியை எப்படி எழுதுவது என்று மேசைக்கு மேசை போய்ச் சொல்லக்கூடியவர் ஆய்வக உதவியாளர். திறன் வளர்ப்பு என்றால் பேராசிரியரை மட்டும் நினைத்துக்கொள்கிறோம். ஆய்வக உதவியாளரும் நூலகரும் மாணவரோடு நெருங்கிப் பழகுகிறார்கள். அவர்களைக் குழுவில் சேர்க்காத ஏற்பாடு அரைகுறை ஏற்பாடு. 2025 ஜனவரி முதல் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களின் ஆய்விதழ்கள் திறந்துவிடப்பட்டுள்ளன. கதவு திறந்தாயிற்று; ஒரு கட்டுரையின் சுருக்கத்தை வாசித்து இது நமக்கு வேண்டுமா என்று முடிவு செய்ய மாணவருக்குத் தெரியவில்லை. நூலகர் அசைன்மென்ட் நடக்கும் வாரத்தில் வகுப்புக்கே வந்து, அதே தலைப்பில் தேடிக் காட்டினால் அது பதியும். ஜூன் மாதத்தில் முந்நூறு பேரை அரங்கில் உட்காரவைத்து நூலக அறிமுகம் செய்வது பதியாது.

பல்கலைக்கழகம் ஒன்றோடு இணைந்த கல்லூரியின் கை எவ்வளவு நீளும் என்பதையும் பார்க்க வேண்டும். கடலூர் மாவட்டக் கல்லூரிகள் முன்பு வேலூரில் உள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. 2021-க்குப் பிறகு கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, மயிலாடுதுறை மாவட்டக் கல்லூரிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின்கீழ் வந்தன. பாடத்திட்டமும் செமஸ்டர் வினாத்தாளும் நம் கையில் இல்லை. வழக்கமாக 75 மதிப்பெண் அங்கே போய்விடுகிறது. மீதி 25, இன்டர்னல் மதிப்பெண்ணாக நம்மிடம் இருக்கிறது. அதை எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்பதில் துறைக்கு ஓரளவு சுதந்திரம் இருக்கிறது. மூன்றாவது வழி முழுக்க முழுக்க அந்த 25-க்குள் நடக்கிறது. யாருடைய அனுமதிக்கும் கோப்பு அனுப்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. மற்ற மூன்று வழிகளுக்கும் இந்தப் பலம் இவ்வளவு இல்லை.

எதிர்ப்பு எங்கே வரும் என்றும் தெரியும். “சிலபஸ் முடிக்கவே நாள் போதவில்லை.” இது சோம்பலில் பிறந்த பதில் என்று நான் நினைக்கவில்லை. யு.ஜி.சி.யின் 2018 விதிகளின்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு. மொத்த வேலை நேரம் 40. அந்த மீதி நேரத்தில் சேர்க்கை, உதவித்தொகைப் படிவம், நாக் கோப்பு, தேர்வுப் பணி எல்லாம் அடங்கும். ஆகையால் எல்லாப் பாடத்தையும் ஒரே செமஸ்டரில் மாற்றச் சொல்வது தப்பு. ஒரு துறை, ஒரு தாள், ஒரு அசைன்மென்ட் என்று தொடங்க வேண்டும். செமஸ்டருக்கு நான்கு கூட்டம், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். அந்த நேரத்துக்கு ஈடாகக் குழுவில் இருப்பவரிடமிருந்து ஏதாவது ஒரு கமிட்டி வேலையை முதல்வர் எடுத்துவிட வேண்டும். கௌரவ விரிவுரையாளருக்கு அந்த நேரத்துக்குப் பணமே கொடுக்க வேண்டும். இதைச் செய்ய மனமில்லாத நிர்வாகம் மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பதே நல்லது.

மொழியைப் பற்றியும் இங்கேதான் பேச வேண்டும். தமிழ்வழியில் படித்து வந்த மாணவர் ஆங்கில நூலோடு மல்லுக்கட்டும்போது, அவருக்குக் குறைவது ஆங்கிலமா, சிந்தனையைக் கோக்கும் பழக்கமா என்று ஆசிரியரால் எளிதில் பிரித்தறிய முடிவதில்லை. வரைவையும் கலந்துரையாடலையும் தமிழில் நடத்திவிட்டால் பிரிந்து தெரிந்துவிடும். தமிழில் தெளிவாக வாதம் செய்யும் பிள்ளைக்குத் தேவை ஆங்கிலச் சொல்வளம்; தமிழிலேயே தடுமாறும் பிள்ளைக்குத் தேவை வேறு. தாய்மொழியில் யோசிக்க அனுமதிப்பதைச் சலுகை என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. யோசிப்பதற்கான நேர்வழி அதுதான். புதுச்சேரியில் இதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. அங்குள்ள அரசுப் பள்ளிகள் அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. புதுச்சேரி லாஸ்பேட்டைக் கல்லூரியில் ஒரே வகுப்பில் இரு வகைப் பள்ளிப் பழக்கம் கொண்ட மாணவர்கள் உட்காரும்போது, எல்லோருக்கும் இது தெரிந்திருக்கும் என்ற ஊகத்தில் பாடம் நடத்த முடியாது. விடைத்தாளை வைத்துப் பேசும் குழு அங்கே இன்னும் அவசியம்.

மூத்த மாணவர் துணை

1973-இல் மிசௌரி–கன்சாஸ் சிட்டி பல்கலைக்கழகத்தில் டியானா மார்ட்டின் தொடங்கிய முறை பின்னர் உலகம் முழுவதும் பரவியது. அதன் அடிப்படை யோசனை எனக்கு மிகவும் பிடித்தது: தோற்கும் மாணவரைத் தேடுவதை விட்டுவிட்டு, மாணவர்கள் அதிகம் தோற்கும் தாளைத் தேடுங்கள். அந்தத் தாளுக்கு, அதைத் தேறிய மூத்த மாணவர் ஒருவர் வாரந்தோறும் ஒரு அமர்வு நடத்துவார். யார் வேண்டுமானாலும் வரலாம். அதனால் யாருக்கும் தலைகுனிவு இல்லை.

நம் கல்லூரிகளில் எந்தத் தாளில் அரியர் குவிகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். கணிதத் துறையின் துணைப்பாடம், வணிகவியலில் கணக்குப்பதிவு, பல இடங்களில் பொது ஆங்கிலம். மூன்றாமாண்டு அண்ணன் சொன்னால் தயங்காமல் திருப்பிக் கேட்கிறார்கள். ஆசிரியரிடம் கேட்க வராத கேள்வி அக்காவிடம் வருகிறது. இதன் ஆபத்து, அந்த அண்ணன் குட்டிப் பேராசிரியராகி, நோட்ஸ் சொல்லி எழுதவைப்பது. அதைத் தடுக்கத்தான் ஆசிரியர் வேண்டும். அமர்வு நடத்துபவர் விடை சொல்லக் கூடாது. கேள்வியைத் திருப்பிக் கேட்க வேண்டும். நோட்டை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதச் சொல்ல வேண்டும். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் காட்டியது இதைத்தான்: ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்பத் திரும்ப வாசித்தவர் முந்துகிறார், ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர் முந்துகிறார். டன்லாஸ்கி குழுவினரின் 2013 ஆய்வுத் தொகுப்பும் அடிக்கோடிடுதலுக்கும் மறுவாசிப்புக்கும் குறைந்த மதிப்பையே தந்தது. தேர்வுக்கு முந்தைய இரவு கைடு முழுவதையும் மூன்று வண்ணத்தில் கோடிட்டு வைக்கும் பிள்ளைக்கு இதைச் சொல்ல வேண்டியது நம் கடமை.

அமர்வை மதிய இடைவேளையிலோ கால அட்டவணைக்குள்ளோ வைக்க வேண்டும். மாலையில் வைத்தால் தனிப் பிரிவுக்கு நேர்ந்த கதியே இதற்கும் நேரும். அமர்வு நடத்தும் மாணவருக்கு ஏதேனும் ஊதியம் தருவது முறை. இல்லாவிட்டால் வசதியுள்ள பிள்ளைகளால்தான் அந்தப் பொறுப்பை ஏற்க முடியும். பகுதிநேர வேலைக்குப் போகும் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு இல்லாமல் போகும்.

எதை எடுப்பது

இணைவுபெற்ற கலை அறிவியல் கல்லூரி என்றால், மூன்றாவது வழியை முதுகெலும்பாக வைத்து, அரியர் குவியும் ஒன்றிரண்டு தாளுக்கு மட்டும் நான்காவதைச் சேர்ப்பேன். பயிற்சிக்கு ஆளனுப்புவதை விடமாட்டேன். ஆனால் ஒரே துறையிலிருந்து இருவராக, குழு வேலை தொடங்கிய பிறகு, ஒரு குறிப்பிட்ட கேள்வியைக் கையில் கொடுத்து அனுப்புவேன். தேடப் போகும் பொருள் தெரிந்தவருக்குப் பயிற்சி மையம் தங்கச்சுரங்கம். ஆய்வு மாணவர் நிறைந்த நிறுவனத்துக்கு இந்த வரிசை மாறும். அங்கே எழுத்து மையம் முதலில். இரண்டுக்கும் இடைப்பட்ட, முதுநிலைப் படிப்புகள் மட்டும் நடத்தும் கல்லூரிகளில் ஆய்வுத் திட்டக் கட்டுரையைச் சுற்றி மூன்றாவது வழியைக் கட்டலாம். வழிகாட்டும் ஆசிரியர்கள் எல்லோரும் ஒரே மதிப்பீட்டுத் தாளுக்கு ஒப்புக்கொள்வதே அங்கு முதல் வேலை.

பணம் மிகக் குறைவாக இருக்கும் கல்லூரிக்கும் மூன்றாவது வழிதான் உகந்தது. தேவைப்படுவது நேரமும் சில நூறு நகல் தாள்களும். ஆசிரியர் இடமாற்றம் அடிக்கடி நடக்கும் அரசுக் கல்லூரிகளில் மட்டும் ஒரு முன்னெச்சரிக்கை வேண்டும்: மாற்றியமைத்த அசைன்மென்ட், மாதிரி விடைகள், மதிப்பீட்டுத் தாள், எது சரிப்படவில்லை என்ற ஒரு பக்கக் குறிப்பு, நான்கையும் துறைக் கோப்பில் வைத்துவிட வேண்டும். அடுத்து வருபவர் அங்கிருந்து தொடங்குவார்.

காலக்கணக்கு இப்படி இருக்கலாம். கல்லூரி திறந்த இரண்டாம் வாரத்தில் முதல் கூட்டம், பழைய விடைத்தாள்களோடு. முதல் இன்டர்னலுக்கு முன் புதிய அசைன்மென்ட் மாணவர் கைக்குப் போக வேண்டும். வினாத்தாள்களில் இப்போது கே-1 (நினைவுகூர்தல்) முதல் கே-6 (புதிதாகப் படைத்தல்) வரை சிந்தனைப் படிநிலை குறிக்கிறோம் அல்லவா? முதல் இன்டர்னலிலும் இரண்டாவதிலும் கே-4க்கு மேற்பட்ட கேள்விகளுக்கு எத்தனை பேர் விடை எழுத முயன்றார்கள், எத்தனை பேர் வெற்றிடமாக விட்டார்கள் என்று துறையில் ஒருவர் எண்ணிவைத்தால் போதும். வெற்றிடம் குறைந்திருந்தால் அடுத்த செமஸ்டரில் இன்னொரு தாளுக்குப் போகலாம். குறையாவிட்டால் அசைன்மென்டை மறுபடி மேசைமேல் வைத்து, எந்தப் படியைச் சொல்லித் தராமல் விட்டோம் என்று அதே குழு பார்க்க வேண்டும்.